டேப்பெட் கவரில் ஒட்டிய சோம்பு

1. இக்கடிதத்தை எழுதுபவன் உன் தகப்பன். திருவள்ளூர் முன்சீப் கோர்ட்டில் தொழில் செய்யும் வழக்கறிஞன். மணவாள நகரில் சொந்த வீட்டில் வசிப்பவன்.

2. இக்கடிதத்தைப் பெறுபவன் என் ஒரே மகன் பாஸ்கரன். கும்மிடிப்பூண்டியில் லாரி ரோட்டோரம் ஷெட் போட்டு, கார் எஞ்சின் பாகங்களைக் கழற்றி, பழைய பெயின்ட்டை நீக்கி, புதிது அடித்துக் கொடுப்பவன். நாளை மறுநாள் மீஞ்சூரில் கஸ்தூரியைத் திருமணம் செய்துகொள்ளப் போகிறவன்.

3. இதை நான் சுயநினைவோடும், எவருடைய தூண்டுதலும் இன்றியும் எழுதுகிறேன். "நல்லதா நாலு வார்த்த எழுதிக் குடுங்க, நேர்ல உக்காந்தா ரெண்டு பேரும் எஞ்சினப் பத்தியே பேசினு இருப்பீங்க" என்று உன் அம்மா சொன்னது தூண்டுதல் ஆகாது. அதை ஆலோசனை என்றே கொள்ள வேண்டும்.

4. இதில் வரும் செய்தி ஒன்று, ஒரு கட்சிக்காரர் என்னை நம்பி என் அறையில் சொன்னது. ஆகவே இதுவரை உன்னிடம் நான் வாய் திறக்கவில்லை. இப்போது அவர் அனுமதி அளித்துவிட்டார்; அதற்கு அத்தாட்சியாகக் கடிதத்தின் இறுதியில் சாட்சிக் கையெழுத்தும் இடுவார். அவர் உன் மாமனார்.

அன்புள்ள பாஸ்கரா, நீ சட்டம் படித்து, என் அறையில் என் நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் உட்கார வேண்டும் என்று நான் விரும்பியதை நீ அறிவாய். அறியாமல் இருக்க வழியே இல்லை. அந்த நாற்காலியை நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வாங்கிப் போட்டுவிட்டேன். பட்டப் படிப்பு முடிந்ததும் நீ அதில் உட்காராமல் கும்மிடிப்பூண்டிக்கு ரயில் ஏறினாய். காரணம் கேட்டதற்கு, "நீங்க பழைய சண்டையப் புதுசாக்குறீங்கப்பா, நான் பழைய எஞ்சினப் புதுசாக்குறேன். ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல" என்றாய். நான் வாதத்தை விட்டுவிட்டு ஒப்பந்தத்துக்கு வந்தேன். நம் பழைய கறுப்புக் காரின் எஞ்சினுக்கு நீ பெயின்ட் அடித்துக் கொடுக்க வேண்டும். மழைக்காலம் முடியும்வரை அது உரியாமல் நின்றால் சட்டக் கல்லூரி என்ற சொல்லை நான் இந்த வீட்டில் உச்சரிக்கக் கூடாது. உரிந்தால், நீ ஷெட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்து விண்ணப்பம் வாங்க வேண்டும். இதை முத்திரைத் தாளில் எழுதத்தான் இருந்தேன். உன் அம்மா பேனாவை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டதால் அது வாய்மொழி ஒப்பந்தமாக நின்றது.

உன் முதல் முயற்சியை நினைவுபடுத்துவது உன்னைப் புண்படுத்துவதற்காக அல்ல. எஞ்சின் முழுவதும் வெள்ளிப் பெயின்ட்டைப் பிரஷ்ஷால் அடித்தாய். புகை வெளியேறும் குழாயைக்கூட விடவில்லை. பார்வைக்குக் கோயில் கவசம் போலத்தான் இருந்தது. மறுநாள் ஆரம்பாக்கத்துக் கட்சிக்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் புறப்பட்டேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. காத்துக்கொண்டிருந்தபோது பானெட்டின் இரு பக்கங்களிலிருந்தும் புகை கிளம்பியது. கட்சிக்காரர் தம் பத்திரக் கட்டை மட்டும் அணைத்துக்கொண்டு, என்னைப் பற்றி யாதொரு விசாரணையும் இன்றி இறங்கி ஓடினார். கேட்காரர் ஒரு வாளித் தண்ணீரோடு வந்து நின்று, "வக்கீல் சார், வண்டி எரியுதா, இல்ல உள்ள சாம்பிராணி போட்டுக்கினு வறீங்களா?" என்று கேட்டார். மேலும் கீழுமாக இரண்டு ரயில்கள் போகும்வரை இந்தக் கேள்வி அங்கே நின்றிருந்த அத்தனை வண்டிக்காரர்களிடையேயும் விவாதிக்கப்பட்டது. அன்று மாலை பானெட்டைத் திறந்தபோது வெள்ளி, வெங்காயத் தோல் போல உரிந்து கிடந்தது.

ஒப்பந்தப்படி நீ அன்றே தோற்றுவிட்டாய். ஆனால் நீ, "இது காத்துல காஞ்சதுப்பா. இது பெயின்ட்டே இல்ல, பவுடர் பூச்சு. எனக்கு இன்னொரு தபா டைம் குடுங்க" என்றாய். வாய்தா கேட்கிறாய் என்று புரிந்தது. தொழில் வாழ்க்கை முழுவதும் வாய்தா கேட்டே பிழைத்தவன், வாசலில் வந்து கேட்பவனுக்கு எப்படி மறுப்பது? கொடுத்தேன்.

அடுத்த முறை நீ கொண்டுவந்த பாகங்கள் வேறு சாதி. விசிறி, ஏர் கிளீனர், எஞ்சினின் தலைமேல் தொப்பி போல உட்காரும் டேப்பெட் கவர், எல்லாம் கருநீலம். குனிந்தால் முகம் தெரிந்தது. புகைக்குழாயை மட்டும் வெறுமனே துடைத்து விட்டிருந்தாய். கேட்டில் கற்ற பாடம். காஸ்டிக் சோடாத் தொட்டியில் ஊறவைத்துப் பழைய பெயின்ட்டை எடுத்ததையும், எமரித் தாளால் தேய்த்ததையும், ஸ்பிரே அடித்த பிறகு அடுப்புச் சூட்டில் வைத்து மெதுவாகச் சுட்டு இறுக்கியதையும் விளக்கினாய். "எந்த அடுப்பு?" என்று கேட்டேன். "ஒரு தெரிஞ்ச எடத்துலப்பா" என்றாய். பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அதற்குமேல் கேட்கவில்லை. அந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ வீட்டுக்கு வரும்போது மீஞ்சூர் ரஸ்க் ஒரு பொட்டலமும் உன்னோடு வந்தது. அதில் லேசாக ஒரு மருந்து வாசனை இருந்தது. சோம்பு போட்டால் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணி, காலைதோறும் காபியில் நனைத்துச் சாப்பிட்டேன். செரிமானத்துக்கு நல்லது என்று சக வழக்கறிஞர்கள் இருவருக்குப் பரிந்துரையும் செய்தேன்.

மழைக்காலத்தின் பிற்பகுதியில், கோர்ட் விடுமுறை நாள் ஒன்றில், தடித்த மனிதர் ஒருவர் கையில் பிஸ்கட் டின்னும் அக்குளில் துணி சுற்றிய இரும்புத் தட்டுமாக என் அறைக்குள் வந்தார். பெயர் முனிரத்தினம் என்றும், மீஞ்சூரில் பேக்கரி வைத்திருப்பதாகவும் சொன்னார். பொன்னேரியிலேயே கோர்ட்டும் வக்கீல்களும் இருக்க, இவ்வளவு தூரம் வந்த காரணத்தைக் கேட்டேன்.

"பொன்னேரில கீற வக்கீலுங்க அத்தினி பேரும் என் ரஸ்க்கு துன்றவங்கய்யா. இத்தச் சொன்னா நாளைக்கே யாவாரம் பூடும். நீங்கதான் வாயே தொறக்காத ஆளுன்னு சொன்னாங்கோ."

பிறகு டின்னைத் திறந்து ஒரு ரஸ்க்கை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். "இது இன்னா வாசனைன்னு மோந்து பாருங்க."

முகர்ந்தேன். அது என் காலைச் சிற்றுண்டியின் வாசனை.

அவர் விவரம் சொன்னார். விறகு போட்டுக் காய்ச்சிய செங்கல் அடுப்பு ஒரே நாளில் நாலு விதமான சூட்டுக்கு வரும் என்றும், முதல் சூட்டில் ரொட்டி, அடுத்ததில் பன், அதற்கடுத்ததில் பிஸ்கட், நெருப்பையெல்லாம் வாரி எடுத்த பிறகு மிஞ்சும் அடங்கிய சூட்டில் ரஸ்க் என்றும், ரஸ்க்கை அடுக்கிக் கதவைப் பூட்டிவிட்டுத் தாம் மத்தியானம் முழுவதும் தூங்குவது வழக்கம் என்றும் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, மெதுவாகச் சுட்டு இறுக்க வேண்டும் என்று நீ சொன்னது எனக்கு ஒவ்வொரு சொல்லாக நினைவுக்கு வந்தது.

"சனிக்கெழம சனிக்கெழம இந்த பேஜாருதான்யா. டீக்கடக்காரன் கேக்கறான், 'இன்னா முனிரத்தினம், உன் ரஸ்க்கு டீல போட்டா ஊறவே மாட்டுது, வார்னிஷ் கீர்னிஷ் அடிச்சியா'ன்னு. மைதா ரேஷனு, சர்க்கர ரேஷனு, அதுலயும் சமாளிச்சிக்கினு கடை நடத்தறேன். எந்தப் பயலோ என் அடுப்புல பூந்துகினு பெயின்ட்டு வேவ வைக்கறான்." துணியைப் பிரித்தார். இரும்புத் தட்டின் ஓரத்தில் கருநீலத் துளி ஒன்று கண்ணாடி போல இறுகிக் கிடந்தது. "எங்க ஊரு ஏட்டய்யா என் ரஸ்க்கு துன்னுட்டுதான் டூட்டிக்கே போறாரு. நீங்க ஒரு நோட்டீஸ் எழுதிக் குடுங்க. அத்த வச்சிக்கினு மீஞ்சூர்லருந்து ஆரம்பாக்கம் வரிக்கும் ஒரு ஷெட்டு விடாம பூந்து பாக்கறோம். எவன்னு தெரிஞ்சிது, அவன் ஷெட்டுக்குப் பூட்டு போட வைக்காம நான் தூங்க மாட்டேன்."

பாஸ்கரா, அந்த நேரத்தில் என் நிலையைச் சற்று எண்ணிப் பார். நான் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. "இவ்வழக்கை ஏற்க இயலாது, பொன்னேரிக்கே போங்கள்" என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருந்தால் போதும். வார இறுதிக்குள் ஏட்டு உன் ஷெட்டுக்குள் நுழைந்திருப்பார், ஷெட் பூட்டப்பட்டிருக்கும், ஒப்பந்தத்தில் வெற்றி எனக்கு. எதிர் நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கலாம். சட்டப்படி அதில் ஒரு குறையும் காண முடியாது. ஆனால் மழை தொடங்கிய நாளிலிருந்து தினமும் காலையில் நான் பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் எங்கேனும் உரிந்திருக்காதா என்று தேடினேன். பிறகு, எந்த நாளிலிருந்து என்று சொல்லத் தெரியவில்லை, எங்கும் உரிந்துவிடக் கூடாதே என்று தேடத் தொடங்கியிருந்தேன். அடைமழையில் ரயில்வே கேட் பள்ளத்தில் முழங்கால் தண்ணீருக்குள் வண்டி நின்ற அன்றுகூட, வீடு வந்ததும் தலையைத் துவட்டுவதற்கு முன் பானெட்டைத்தான் திறந்தேன். நீலம் அப்படியே இருந்தது.

"இவ்வழக்கை நான் ஏற்க முடியாதுங்க" என்றேன். "ஏன்யா?" என்றார். "எதிர்க்கட்சி விஷயத்தில் எனக்கு ஓர் அக்கறை இருக்கக்கூடும் என்று கருத இடமிருக்கிறது." அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் பிரியல" என்றார். இதைவிடத் தெளிவாகப் பேச எனக்குப் பழக்கம் இல்லாததால், ஸ்டேஷன்வரை காரில் கொண்டுவிடுவதாகச் சொல்லி வெளியே அழைத்துப்போனேன். கதவைத் திறக்க வேண்டியவன் பானெட்டைத் திறந்தேன்.

"வண்டி மக்கரா?"

"இல்லைங்க. கொஞ்சம் நீங்களும் பாருங்க."

பார்த்தார். "அட, இன்னாமா பளபளங்குது. யாரு வேல இது?" என்று குனிந்தார். குனிந்த தலை நிமிரவில்லை. மூக்கு இரண்டு முறை விரிந்தது. விரல் டேப்பெட் கவரின் மேல் ஊர்ந்து, எண்ணெய் ஊற்றும் மூடிக்கு அருகில் ஒரு சிறு மேட்டில் நின்றது. நான் தினமும் பார்த்தும் தூசி என்று விட்டுவிட்ட மேடு அது. நகத்தால் கீறினார், வரவில்லை.

"சோம்பு" என்றார், கூட்டத்தில் சொந்தக்காரரைக் கண்டுகொண்டவரைப் போல. "என் சோம்பு. ரெட்டில்ஸ்ல ஒரே கடையில வாங்கறது. நீட்டமா, மெலிசா. ரஸ்க்கு மேல தூவறது." பிறகு நிமிர்ந்தார். "உங்க வண்டில என் சோம்பு எப்படி வந்துது?"

"ஷெட் கும்மிடிப்பூண்டியில் இருக்குங்க. பேரு பாஸ்கரன். என் மகன்."

கேட்ட கேள்விக்கு மேல் நான் பதில் சொன்னது என் தொழில் வாழ்க்கையிலேயே அந்த ஒரு முறைதான்.

அவர் முகம் சிவந்தது. "வக்கீலு ஊட்டுப் புள்ளயா திருட்டுத்தனமா என் அடுப்புல…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். கோபம் அப்படியே வடிந்து, வேறொன்று வந்து உட்கார்ந்தது. "ஆனா அடுப்ப நான் பூட்டிட்டுத்தானே படுக்கறேன். சாவி என் பொண்ணு கைல இல்ல கீது."

எனக்கும் அது புதுச் செய்தி. திறந்த பானெட்டுக்கு இரு பக்கமும் இரண்டு தகப்பன்மார், எஞ்சினில் ஏதோ கோளாறு இருப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். தெருவில் போன ஒருவர், "தள்ளணுமா சார்?" என்றுகூடக் கேட்டுவிட்டுப் போனார்.

அப்போது உன் அம்மா இரண்டு டம்ளர் காபியும் ஒரு தட்டு ரஸ்க்கும் கொண்டுவந்தாள். "எடுத்துக்கங்கண்ணா. உங்க கடை ரஸ்க்குதான். கஸ்தூரி குடுத்தனுப்புறது. கஸ்தூரிதானே உங்க பொண்ணு பேரு?"

"உனக்கு எப்போ தெரியும்?" என்று நான் கேட்டேன்.

"ஆயுத பூஜைக்கே தெரியும். அவன் பொறந்ததுலருந்து ரஸ்க்கு துன்னதே கெடையாது. வாரா வாரம் வாங்கினு வரான்னா வேற இன்னா அர்த்தம்? கேட்டேன், பேரச் சொல்லிட்டான். நீங்க கோர்ட்ல ஊரு சனத்தையெல்லாம் குடைஞ்சி குடைஞ்சிக் கேப்பீங்க. ஊட்ல குடுக்கறத நனைச்சித் துன்னுட்டுப் போய்டுவீங்க."

முனிரத்தினம் காரின் மட்கார்டில் உட்கார்ந்தார். கார் ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு ரஸ்க்கை எடுத்துக் கடித்து, கண்ணை மூடி மென்றார். தீர்ப்புக்குக் காத்திருக்கும் கட்சிக்காரன் எப்படி நிற்பான் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "பெயின்ட்டு வாசன கீது" என்றார் கடைசியில். "ஆனா முறுகல் சுத்தம். கதவ நடுவுல தொறந்து பாக்காத புள்ளைங்க. அந்தப் பொறும ரெண்டுத்துக்கும் கீது." மறுபடி எழுந்து டேப்பெட் கவரைத் தடவினார். "இத்த எந்தத் தட்டுல வச்சான்?"

"எனக்குத் தெரியாதுங்க."

"கீழ்த்தட்டுலதான் வச்சிருப்பான், கூறு கெட்டவன். மேல்தட்டுல வச்சிருந்தா இன்னும் ஜம்முனு வந்திருக்கும். சோம்பும் ஒட்டியிருக்காது." காபியைக் குடித்து முடித்தார். "வக்கீலே, அவனுக்குத் தனி அடுப்பு வேணும். ரஸ்க்கும் பெயின்ட்டும் ஒண்ணா வேவக்கூடாது. அத்த மொதல்ல முடிப்போம். மத்தது அப்பால."

ஒரு சமரசப் பத்திரம் தயாரிக்கட்டுமா என்று கேட்டேன். "எழுதினா சண்ட வந்துடும், வேணாம்" என்றார். அந்தக் கருத்தை நான் தொழில் முறையில் ஏற்கவில்லை. ஆயினும் அன்று மறுக்கவில்லை.

இப்போது உனக்குப் பல விஷயங்கள் விளங்கும். நீ முன்பின் பேசியிராத தடித்த மனிதர் ஒருவர், கொத்தனாரும் ஒரு வண்டி செங்கல்லுமாக உன் ஷெட்டு வாசலில் வந்து இறங்கி, "அடுப்பு கட்ட வந்துகிறேன், எடத்தக் காட்டு" என்றபோது, அவர் யாரென்று கடைப் பலகைப் படத்தில் பார்த்திருந்த நீ ஆயில் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதாகக் கஸ்தூரி பின்னர் எங்களிடம் சொன்னாள். அவளே அப்பாவிடம் சொல்லிவிட்டாள் என்று நீ இத்தனை நாளும் நினைத்து, அதற்காக அவளோடு ஒரு வாரம் பேசாமலும் இருந்தாயாம். அவள் சொல்லவில்லை. நான்தான். அந்த ஒரு வாரத்துக்கான மன்னிப்பை நீ அவளிடம் திருமணத்துக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. பிறகு கேட்டால் வட்டி ஏறும்.

அறிவுரை என்று தனியாக எழுத என்னிடம் அதிகம் இல்லை. பழைய பெயின்ட்டை அடிவரை சுரண்டி எடுக்காமல் புதிது அடித்தால் நிற்காது என்று நீ வாடிக்கைக்காரர்களிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தொழிலில் அது சரியாக இருக்கலாம். வீட்டில் அதைப் பின்பற்றாதே. சிலவற்றைச் சுரண்டாமல் மேலே ஒரு கோட் அடித்துவிட்டுப் போவதே உசிதம். உன் அம்மா என் மேல் அப்படி எத்தனை கோட் அடித்திருக்கிறாள் என்பது எனக்கே தெரியாது. கஸ்தூரி பேசும்போது குறுக்கு விசாரணை செய்யாதே. சாட்சி தானாகச் சொல்ல வருவதைக் கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொண்ட வழக்குகள் பல. பதில் தெரியாத கேள்வியைக் கேட்கக் கூடாது என்ற பாலபாடத்தையும் கோர்ட் படியோடு விட்டுவிட வேண்டும். எந்த அடுப்பு என்று அன்றே நான் இன்னொரு முறை கேட்டிருந்தால், என் மருமகளைச் சற்று முன்னதாகவே அறிந்திருப்பேன். வார்னிஷ் இல்லாத ரஸ்க்கும் கிடைத்திருக்கும்.

கார்த்திகை முடிந்த மறுநாள் நாம் இருவரும் சேர்ந்து பானெட்டைத் திறந்ததும், நீ டார்ச் அடித்துக் காட்டியதும், எங்கும் உரியவில்லை என்று நான் ஒப்புக்கொண்டதும் உனக்கு நினைவிருக்கும். அன்று நான் வேறெதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன் என்று உனக்குக் குறை உண்டு. உள்ளே போய் எதிர் நாற்காலியைத் தூக்கி வாசலில் கொண்டுவந்து போட்டேனே, அதைக் கவனித்தாயா? அது உன் ஷெட்டுக்காக. அடுப்பில் பாகங்கள் வேகும்போது நின்றுகொண்டே காத்திருக்கிறாய் என்று உன் மாமனார் சொன்னார்.

இறுதியாக ஒரு நிபந்தனை. நாளை மறுநாள் தாலி கட்டியபின் நீங்கள் இருவரும் ஏறி வரப்போவது நம் கறுப்புக் காரில். அதை அலங்கரிப்பதற்கு முன் டேப்பெட் கவரை மேல்தட்டில் வைத்து ஒருமுறை புதிதாகச் சுட்டுவிடலாம் என்று நீயும் உன் மாமனாரும் திட்டமிடுவதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. விசிறியை மாற்று, ஏர் கிளீனரை மாற்று, காரையே வேண்டுமானாலும் நீலமாக்கு. எண்ணெய் மூடிக்கு அருகில் ஒட்டிய அந்தச் சோம்பை மட்டும் தொடக் கூடாது. அது இவ்வழக்கின் ஒரே சான்றுப்பொருள். வழக்கு முடியும்வரை சான்றுப்பொருளை அழிக்க யாருக்கும் உரிமை இல்லை. இந்த வழக்கு நாளை மறுநாள்தான் தொடங்குகிறது. எத்தனை வாய்தா வேண்டுமானாலும் நீ கேட்கலாம். நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

மேற்கண்டவை யாவும் நான் அறிந்தவரையில் உண்மை என உறுதி கூறி, என் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டது,

உன் அப்பா
மணவாள நகர்

சாட்சிகள்:

(1) ருக்மணி, மேற்படியாரின் மனைவி. (படித்துப் பார்த்தேன். ரஸ்க்கை நனைத்துச் சாப்பிட்டதை இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம்.)

(2) முனிரத்தினம், பேக்கரி, மீஞ்சூர். (படித்துக் காட்டக் கேட்டுச் சம்மதித்துக் கையெழுத்திட்டது. 'வார்னிஷ்' என்று வரும் இடங்களுக்கு மட்டும் ஆட்சேபம் தெரிவிக்கிறேன். சோம்பு இருக்கட்டும்.)